அதட்டலா, ஆமோதிப்பா?
சீனமொழியின் தொனிகளும் நமது செவிகளும்

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், அவற்றிற்குத் தெற்கே ஒரகடம் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த பகுதி, ஒரு தலைமுறைக்கு முன்புவரை ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த பூமி. இன்று அது ஆலைகளின் வரிசை. இருங்காட்டுக்கோட்டையில் தென்கொரிய நிறுவனமான ஹூண்டாயின் கார்கள் 1998-இல் வெளிவரத் தொடங்கின. ஒரகடத்தில் ரெனோ–நிஸான் கார் ஆலை 2010-இல் திறக்கப்பட்டது. சுங்குவார்சத்திரத்தில் தைவானைச் சேர்ந்த ஃபாக்ஸ்கான் நிறுவனத்தின் ஆலையில் ஐஃபோன் கைபேசிகள் உருவாகின்றன. இந்த ஆலைகளுடன் கொரிய, ஜப்பானிய, சீன மொழிகளின் ஓசைகளும் நம் மண்ணுக்கு வந்திருக்கின்றன.

நம் ஊர்ப் பெண் ஒருத்தி புதிதாக ஓர் ஆலையில் வேலைக்குச் சேர்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். தைவானிலிருந்து வந்த பொறியாளர் ஒருவர் தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கிறார். “துவெய்! துவெய்! துவெய்!” என்று மூன்று வெட்டு வெட்டுகிறார். ஒவ்வொரு ஓசையும் உச்சியில் தொடங்கி, கல் விழுவதுபோல் சடாரென்று கீழே இறங்குகிறது. “யாரையோ இப்படித் திட்டுகிறாரே!” என்று அவள் எண்ணுவாள். உண்மையில் அவர் யாரையும் திட்டவில்லை. “துவெய்” என்றால் “சரி” என்று பொருள். எதிர்முனையில் இருப்பவர் சொல்வதை “ஆமாம், ஆமாம், சரிதான்” என்று அவர் மகிழ்ச்சியோடு ஆமோதித்துக்கொண்டிருக்கிறார்!

ஆமோதிப்பு எப்படி அதட்டலாகக் கேட்டது? இதற்கு விடை காண, பாதி வழிக்கு இயற்பியல் நம்முடன் வரும். மீதி வழிக்கு மூளையைத் துணைக்கு அழைத்துக்கொள்ள வேண்டும்.

குரல் என்னும் சுரமானி

பள்ளி ஆய்வகத்தில் சுரமானியைப் பார்த்திருப்பீர்கள். கம்பியின் இழுவிசையைக் கூட்டினால் அதிர்வெண் உயரும். கம்பியின் நீளத்தைக் கூட்டினால் அதிர்வெண் குறையும். நமது குரல்வளையிலும் இத்தகைய ஓர் ஏற்பாடு உண்டு. அங்குள்ள இரண்டு குரல்நாண்கள், நுரையீரலிலிருந்து வரும் காற்றினால் திறந்து மூடி, திறந்து மூடி அதிர்கின்றன. ஒரு நொடிக்கு எத்தனை முறை அதிர்கின்றன என்பதே குரலின் அடிப்படை அதிர்வெண். வளர்ந்த ஆணின் பேச்சில் இது ஏறத்தாழ 120 ஹெர்ட்ஸ். பெண்ணின் பேச்சில் ஏறத்தாழ 210 ஹெர்ட்ஸ்.

இங்கே ஒரு சிறு புதிர். குரலை உயர்த்தும்போது குரல்வளைத் தசைகள் குரல்நாண்களை இழுத்து நீட்டுகின்றன. நீளம் கூடினால் அதிர்வெண் குறையத்தானே வேண்டும்? ஆனால் நீளம் சற்றே கூடும்போது இழுவிசை பன்மடங்கு கூடிவிடுகிறது. ஆகவே இழுவிசை வெல்கிறது, குரல் உயர்கிறது.

நாம் உணரும் இந்த ஏற்றத் தாழ்வையே சுருதி என்கிறோம். தமிழில் ஒரு சொல்லை எந்தச் சுருதியில் சொன்னாலும் அதன் அகராதிப் பொருள் மாறுவதில்லை. “பால்” என்பதை உரக்கக் கூவினாலும் பால்தான், முணுமுணுத்தாலும் பால்தான். சுருதியை நாம் வேறு வேலைக்குப் பயன்படுத்துகிறோம். கேள்வி, வியப்பு, சினம், சலிப்பு ஆகியவற்றை அது சுமக்கிறது.

சீனமொழியில் நிலைமை வேறு. அங்கே சுருதி, சொல்லின் உறுப்பாகவே அமைந்துவிட்டது. நமக்கு “கல்” வேறு, “கால்” வேறு என்பதுபோல, அவர்களுக்கு ஏறும் “மா” வேறு, இறங்கும் “மா” வேறு.

நான்கு தொனிகள்

சீனமொழிகள் பல. அவற்றுள் சீனாவிலும் தைவானிலும் பொதுமொழியாக விளங்குவது மாண்டரின். இதில் நான்கு தொனிகள் உள்ளன. “மா” என்ற ஒரே அசையை எடுத்துக்கொள்வோம்.

முதல் தொனியில் சுருதி உயரத்திலேயே சமமாக நிற்கும். அப்போது “மா” என்றால் அம்மா. இரண்டாம் தொனியில் சுருதி நடுவிலிருந்து உச்சிக்கு ஏறும். இப்போது பொருள் சணல் போன்ற நார்ச்செடி. மூன்றாம் தொனியில் சுருதி தாழ்ந்து, அடியைத் தொட்டு, மீண்டும் எழும். பொருள் குதிரை. நான்காம் தொனியில் உச்சியிலிருந்து அடிவரை சரிந்து விழும். பொருள் திட்டுதல். அம்மாவைக் குதிரை என்று அழைத்துவிடும் ஆபத்து இங்கே எப்போதும் உண்டு!

வணிகத்தில் ஆபத்து இன்னும் அதிகம். “மாய்” என்பதை மூன்றாம் தொனியில் சொன்னால் வாங்குதல். நான்காம் தொனியில் சொன்னால் விற்றல். எண்களிலும் இந்தச் சிக்கல் உண்டு. தைவானிலும் தென் சீனாவிலும் பலர் “ஷ” ஒலியை “ஸ” என்றே ஒலிப்பார்கள். அவர்கள் வாயில் நான்கு, பத்து ஆகிய இரு எண்களும் ஒரே அசையாகிவிடும். இறங்கினால் நான்கு, ஏறினால் பத்து. பெட்டியில் அடுக்க வேண்டிய பொருள்கள் நான்கா, பத்தா என்பதைச் சுருதி ஒன்றே முடிவு செய்யும்.

இப்போது ஒரு சோதனை. “நமக்குத் தொனியே வராது” என்று எண்ண வேண்டாம். நாள்தோறும் நீங்கள் அதைக் கையாளுகிறீர்கள். வாயை மூடிக்கொண்டு “ம்” என்று சொல்லிப் பாருங்கள். கணக்கிற்கு விடை யோசிக்கும்போது “ம்ம்ம்…” என்று சமமாக இழுப்பீர்கள். அது முதல் தொனியின் வடிவம். காது கேட்காதபோது “ம்?” என்று ஏற்றுவீர்கள், அது இரண்டாம் தொனி. நண்பன் பெருமை அடித்துக்கொள்ளும்போது நம்பாமல் “ம்ம்..ம்?” என்று தாழ்த்தி எழுப்புவீர்கள், அது மூன்றாம் தொனி. “ம்! நடக்கட்டும்” என்று உத்தரவு போடும்போது வெட்டி இறக்குவீர்கள், அது நான்காம் தொனி. வடிவங்கள் நம்மிடமும் இருக்கின்றன. ஆனால் நாம் அவற்றை உணர்ச்சிக்குக் கொடுத்துவிட்டோம். சீனர்கள் சொல்லுக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

ஏன் அதட்டலாகக் கேட்கிறது?

பொறியாளரின் “துவெய்” இப்போது புரிந்திருக்கும். அது நான்காம் தொனிச் சொல். கால் நொடிக்கும் குறைவான நேரத்தில் அது உச்சியிலிருந்து அடிக்கு இறங்குகிறது. நம் வழக்கத்தில் இந்த வடிவம் கண்டிப்பைக் குறிக்கும். ஆகவே சொல்லின் ஓர் உறுப்பை, சொல்பவரின் மனநிலை என்று நாம் தவறாகப் படித்துவிடுகிறோம்.

“ஆம்” என்பதற்கான “ஷ்”, “வேண்டும்” என்பதற்கான “யாவ்” ஆகியவையும் நான்காம் தொனிச் சொற்களே. “நன்றி” என்பதற்கான “ஷியேஷியே” கூட நான்காம் தொனியில்தான் தொடங்குகிறது. நன்றி சொன்னவரைக் கோபக்காரர் என்று எண்ணிவிடுவது எவ்வளவு எளிது பாருங்கள்! இதற்கு எதிர்மறையும் உண்டு. “ஷிங்” என்றால் “ஆகட்டும்” என்று பொருள். அது இரண்டாம் தொனி. சுருதி ஏறுவதால், அனுமதி கொடுப்பவர் அனுமதி கேட்பதுபோல் நமக்குத் தோன்றும்.

அப்படியானால் சீனர்கள் கோபத்தை எப்படிக் காட்டுவார்கள்? குரலின் எல்லை முழுவதையும் விரித்து, உரக்கவும் விரைவாகவும் பேசுவார்கள். தொனிகளின் வடிவம் குலையாது. அவை நிற்கும் மேடைதான் உயரும். சீன மொழியியலாளர் சாவ் யுவன் ரென் இதற்கு ஓர் அழகான உவமை சொன்னார். தொனிகள் சிற்றலைகள், உணர்ச்சியும் கேள்வியும் பேரலைகள், பேரலையின் முதுகில் சிற்றலைகள் ஏறிச் செல்கின்றன என்றார். இயற்பியல் மாணவர்களுக்கு இது அலைகளின் மேற்பொருந்துதலை நினைவூட்டும். நாம் சிற்றலையைப் பேரலை என்று மயங்குகிறோம் என்பதே செய்தி.

தாழ்ந்த குரலா, உயர்ந்த குரலா?

சாவ் யுவன் ரென் (1892–1982) நம் கவனத்திற்கு உரியவர். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்து, பின்னர் அங்கேயே இயற்பியல் கற்பித்தவர் இவர். 1930-இல் இவர் வெளியிட்ட முறை இன்றும் உலகெங்கும் வழக்கில் உள்ளது. ஒருவரது பேச்சுக் குரலின் அடி எல்லையை 1 என்றும் உச்சி எல்லையை 5 என்றும் கொண்டு, இடையில் 2, 3, 4 என்று படிகள் வைத்தார். முதல் தொனி 55. இரண்டாம் தொனி 35. மூன்றாம் தொனி 214. நான்காம் தொனி 51. நான்கு எண்களில் நான்கு தொனிகளும் அடங்கிவிட்டன!

இதில் ஹெர்ட்ஸ் ஏன் இல்லை? கணக்கிட்டுப் பார்ப்போம். ஓர் ஆணின் பேச்சு 100 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை பரவுகிறது என்க. இதைச் சம விகிதத்தில் ஐந்து படிகளாக்கினால் 100, 119, 141, 168, 200 என்று கிடைக்கும். ஒரு பெண்ணின் பேச்சு 180 முதல் 360 வரை பரவுகிறது என்க. அவர் படிகள் 180, 214, 255, 303, 360. பெண்ணின் அடிப்படியான 180, ஆணின் நான்காம் படியான 168-ஐ விட அதிகம்! அதாவது அவரது “தாழ்ந்த” தொனி, இவரது “உயர்ந்த” தொனிக்கு அருகில் இருக்கிறது. ஆயினும் சீனக் குழந்தைகள் தாய் பேசுவதையும் தந்தை பேசுவதையும் ஒன்றுபோல் புரிந்துகொள்கின்றன.

இது நமக்குப் புதிய செய்தியன்று. கச்சேரியில் பாடகர் 1 கட்டையில், அதாவது ஏறத்தாழ 131 ஹெர்ட்ஸில் சட்ஜமத்தை வைத்துப் பாடுகிறார். பாடகி 5 கட்டையில், ஏறத்தாழ 196 ஹெர்ட்ஸில் வைத்துப் பாடுகிறார். இருவர் பாடுவதும் மோகனம்தான் என்று அறிய நாம் தடுமாறுவதில்லை. இராகத்தை ஆக்குவது சுரங்களுக்கு இடையே உள்ள விகிதம். தொனியும் அவ்வாறே. சீனச் செவி முதலில் பேசுபவரின் “கட்டை”யைப் பிடித்துக்கொள்கிறது. பின்னர் ஏற்ற இறக்கத்தை அளக்கிறது.

தொனிகளை எழுத்தில் பிடித்தவர்கள்

வெளிநாட்டார் செவிகள் தடுமாறுவது நேற்றைய கதையன்று. இத்தாலியப் பாதிரியார் மத்தேயோ ரிச்சி 1582-இல் மக்காவ் வந்து சீனமொழி கற்கலானார். அவரும் உடன் பணியாற்றியவர்களும் தொடக்க ஆண்டுகளில் தொகுத்த சொற்பட்டியலில் தொனிக் குறிகளே இல்லை. 1598-இல்தான் அவர்கள் தொனிகளுக்குத் தனிக் குறிகள் வகுத்தனர். அதற்குப் பெரிதும் உதவியவர் இசைப் பயிற்சி பெற்ற லாசரோ கத்தானியோ என்னும் மற்றொரு பாதிரியார். மொழி அறிஞர்கள் தவறவிட்டதை இசைக் காது பிடித்தது.

சீனர்களும் தம் தொனிகளைத் தாமே எளிதில் கண்டுவிடவில்லை. மீன் தண்ணீரை உணர்வதில்லை அல்லவா? நான்கு தொனிகள் உண்டு என்று வகைப்படுத்திய தொடக்ககால அறிஞர்களுள் ஒருவர் ஷென் யுவே (441–513). அக்காலத்தில் பௌத்தத்தோடு இந்திய ஓதல் முறை சீனாவுக்குச் சென்றிருந்தது. உதாத்தம், அனுதாத்தம், ஸ்வரிதம் என்று சுருதியைப் பகுக்கும் இந்திய மரபே சீனர்களைத் தம் மொழியை உற்றுக் கேட்கத் தூண்டியது என்று கருதும் அறிஞர்கள் உண்டு.

கருவியால் தொனியை அளந்தவர்களில் முன்னோடி லியூ ஃபூ. இவர் பாரிஸில் படித்தபோது, சுழலும் உருளையில் குரலின் அதிர்வுகளைக் கோடாகப் பதிக்கும் கருவியைக் கொண்டு சீனத் தொனிகளை அளந்து, 1925-இல் ஆய்வேட்டை வெளியிட்டார். ஒவ்வோர் அதிர்வாக எண்ணிக் கணக்கிட வேண்டிய வேலை அது. நான்காம் தொனியில் சொன்ன ஒரு சிறு சொல்லுக்குள் ஏறத்தாழ 30 அதிர்வுகள் இருக்கும். அதன் பின்னர் கிராமம் கிராமமாகச் சென்று பேச்சு வழக்குகளைப் பதிவு செய்யும் பயணத்தில் நோயுற்று, 1934-இல் அவர் காலமானார்.

தொலைபேசியில் நடக்கும் விந்தை

பழைய தொலைபேசித் தடங்கள் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளை மட்டுமே கடத்தும்படி அமைக்கப்பட்டவை. ஆண்குரலின் அடிப்படை அதிர்வெண்ணோ 120 ஹெர்ட்ஸ். அது கம்பியில் செல்லவே இல்லை! அப்படியானால் சீனர்கள் தொலைபேசியில் தொனியை எப்படிக் கேட்டார்கள்?

குரல் ஒற்றை அதிர்வெண் அன்று. 120-உடன் 240, 360, 480, 600 என்று மேற்சுரங்களும் சேர்ந்தே பிறக்கின்றன. 120-ஐயும் 240-ஐயும் தொலைபேசி வெட்டிவிட்டாலும், 360, 480, 600 வந்து சேர்கின்றன. அடுத்தடுத்த மேற்சுரங்களுக்கு இடையே உள்ள வேறுபாடு 120. மூளை அந்த இடைவெளியைக் கொண்டு, வராத அடிப்படைச் சுருதியைத் தானே உய்த்துணர்கிறது. ஆலையின் காற்றாடிகளும் மோட்டார்களும் எழுப்பும் தாழ்ந்த இரைச்சலில் அடிப்படை மூழ்கிப்போனாலும் மேற்சுரங்கள் அதைக் காப்பாற்றிக் கொடுக்கின்றன.

இரகசியம் பேசும்போது குரல்நாண்கள் அதிர்வதே இல்லை, சுருதியும் இல்லை. ஆயினும் சீனர்கள் காதோடு காது பேசுகிறார்கள். மூன்றாம் தொனி பொதுவாக நீளம், நான்காம் தொனி குறுக்கம் என்பன போன்ற துணைக் குறிப்புகளும், பேச்சின் தொடர்பும் அப்போது கைகொடுக்கின்றன.

செவி ஒன்றே, மூளை வேறு

நமது செவியில் குறையுண்டா? இல்லை. கமகத்தின் நுட்பமான அசைவுகளைக் கேட்டு இரசிக்கும் செவி, சீனத் தொனியின் பெரிய சரிவைக் கேட்காமல் போகுமா? கேட்கிறது, ஆனால் சொல்லின் பகுதியாக எண்ணுவதில்லை.

2006-இல் வெளியான ஓர் ஆய்வு இதைத் தெளிவாக்குகிறது. சீனம் கேட்டு வளரும் குழந்தைகளையும் ஆங்கிலம் கேட்டு வளரும் குழந்தைகளையும் 6 மாத வயதிலும் 9 மாத வயதிலும் சோதித்தார்கள். சீனக் குழந்தைகளின் திறமை குறையவில்லை. ஆங்கிலக் குழந்தைகள் 6 மாதத்தில் நன்கு பிரித்தறிந்த தொனிகளை 9 மாதத்தில் அவ்வளவாகப் பிரித்தறியவில்லை. ஆனால் அதே ஏற்ற இறக்கத்தை வயலின் ஓசையாகக் கொடுத்தபோது, 9 மாதத்திலும் அவர்கள் சளைக்கவில்லை! செவி மந்தமாகவில்லை. “என் மொழிக்கு இது வேண்டாம்” என்று மூளை ஒதுக்கி வைத்துவிட்டது.

ஒதுக்கியதை மீட்க முடியுமா? முடியும். 1999-இல் வெளியான ஆய்வில், மாண்டரின் கற்கும் அமெரிக்க மாணவர்களுக்கு இரண்டு வாரங்களில் 8 அமர்வுகள் பயிற்சி அளித்தனர். பலர் குரல்களில் தொனிகளைக் கேட்டுக் கண்டுபிடிப்பதே பயிற்சி. சரியான விடைகள் 21 சதவீதம் உயர்ந்தன. ஆறு மாதம் கழித்தும் அந்த முன்னேற்றம் நிலைத்திருந்தது. வேலைக்காகச் சீனம் கற்க விரும்பும் நம் இளைஞர்களுக்கு இது நல்ல செய்தி. ஒரே ஆசிரியரின் குரலை மட்டும் கேட்காமல் பலர் குரல்களையும் கேட்பது நன்று.

நம் நாட்டிலும் தொனி உண்டு

தொனிமொழியைக் கேட்கச் சீனா வரை போக வேண்டியதில்லை. பஞ்சாபியில் “கோடா” என்பதைச் சமமாகச் சொன்னால் சவுக்கு. தாழ்ந்த தொனியில் சொன்னால் குதிரை. உயர்ந்த தொனியில் சொன்னால் தொழுநோயாளி. மணிப்புரி, மிசோ, போடோ ஆகியவையும் தொனிமொழிகளே.

தொனி எப்படிப் பிறக்கிறது? பஞ்சாபியில் குதிரைக்கான சொல் இன்றும் வடமொழி “கோஷம்” என்பதன் முதலொலி போன்ற கனத்த மூச்சொலிக்குரிய எழுத்தாலேயே எழுதப்படுகிறது. அந்த மூச்சொலி காலப்போக்கில் மறைந்தது. மறையும்போது தன் சுவடாக ஒரு தாழ்ந்த சுருதியை விட்டுச் சென்றது. இத்தகைய மாற்றம் இன்று நம் கண்முன்னே கொரிய மொழியில் நடந்துவருகிறது. சியோல் நகர இளைஞர்கள் சில மெய்யொலிகளை மூச்சின் அளவைவிடச் சுருதியாலேயே அதிகம் வேறுபடுத்துகிறார்கள். ஜப்பானிய மொழி இடைநிலையில் நிற்கிறது. தோக்கியோ வழக்கில் “ஹஷி” என்பதை உயர்த்தித் தாழ்த்தினால் உணவு எடுக்கும் குச்சிகள். தாழ்த்தி உயர்த்தினால் பாலம்.

அவர்கள் செவிக்கு நாம்

நியாயம் என்றால் இரு பக்கமும் பார்க்க வேண்டும். மாண்டரினில் குறில், நெடில் என்ற வேறுபாடு சொல்லின் பொருளை மாற்றுவதில்லை. ஆகவே தமிழ் கற்கும் சீனருக்கு “கட்டு”, “காட்டு” இரண்டையும் பிரிப்பது கடினம். பொருளைக் கட்டச் சொன்னால் அவர் காட்டக் கூடும்; காட்டச் சொன்னால் கட்டக் கூடும்! நாம் அரை நொடிக்குள் அளந்துவிடும் மாத்திரையை அவர் மூளை “வேண்டாதது” என்று ஒதுக்கிவைத்திருக்கிறது. அவர் செவியையும் குறை சொல்ல இயலாது.

வீட்டில் ஒரு கணினி இருந்தால் நீங்களே ஆராயலாம். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவான “பிராட்” என்னும் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் உங்கள் நான்கு “ம்”களையும் பதிவு செய்து, சுருதியின் கோட்டைப் பாருங்கள். தாயார், தந்தையார், தம்பி ஆகியோரின் குரல்களையும் பதிவு செய்து, ஒவ்வொருவரது அடி எல்லையையும் உச்சி எல்லையையும் குறித்துக்கொண்டு, சாவ் முறைப்படி ஐந்து படிகளாக்குங்கள். ஹெர்ட்ஸ் எண்கள் வேறுபடும். கோட்டின் வடிவம் ஒன்றாக இருக்கும்.

உங்கள் அக்காவோ அண்ணனோ ஒரகடத்திலோ சுங்குவார்சத்திரத்திலோ வேலை பார்த்தால், அந்தக் கோடுகளை அவர்களுக்குக் காட்டுங்கள். உச்சியிலிருந்து அடிக்கு இறங்கும் நான்காவது கோட்டைச் சுட்டி, “இதற்குச் சீனத்தில் ‘சரி’ என்றும் பொருள் இருக்கலாம்” என்று சொல்லுங்கள். நாளைக் காலை அந்த ஓசை காதில் விழும்போது, அவர்கள் முகம் வாடாமல் வேலையைத் தொடர்வார்கள்.